பொழுதோட வரச் சொன்னது

ஐந்தாம் வகுப்பில் என்னோடு தரையில் உட்கார்ந்து படித்தவர்களே, கரும்பலகையைப் பனியன் வேஸ்ட் துணியால் துடைக்க முண்டியடித்தவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது தலைக்கு டை அடிக்கிறீர்கள். மீதிப் பேருக்கு அடிக்கத் தலையில் முடியே இல்லை. எனக்கும் காதோரம் வெளுத்துவிட்டது. நம் டீச்சருக்கு விழா எடுக்க வேண்டும், அவர் எழுதியதையெல்லாம் திரட்டி ஒரே புத்தகமாகப் போட வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே பரபரப்பு. போன வாரம் உங்களில் ஒருவர் கேட்டீர்கள், "அந்தத் தெக்கத்திப் பிள்ளை என்ன ஆனாள், அவளையும் கூப்பிட வேண்டாமா?" என்று. தெரியவில்லை, தெரியவில்லை என்று ஆளாளுக்குப் போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. "நம் டீச்சர்" என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. நம் டீச்சராம். அவள் என் அம்மா.

உங்களுக்கு அவள் டீச்சர் என்பதில் ஒரு கஷ்டமும் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டினால் நானும் டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். ஒரு நாள் வாய் தவறி "அம்மா" என்றுவிட்டேன். வகுப்பே சிரித்தது. நீங்கள்தான் சிரித்தீர்கள். "இங்க நான் டீச்சர்" என்று அம்மா சொல்லிவிட்டுத் திரும்பிக் கரும்பலகையில் எழுதப் போய்விட்டாள். வீட்டில் மட்டும் நான் "அம்முணி". எங்கள் பக்கம் பெண் குழந்தையைக் கொஞ்சிக் கூப்பிடுவது அப்படித்தான், அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு இரண்டு தடவையாவது அந்தச் சொல் என் காதில் விழ வேண்டும். நான் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

விழுவதற்கு அம்மா வீட்டில் இருந்தால்தானே? பகலில் பள்ளிக்கூடம். பள்ளி விட்டதும் மொபெட்டை எடுத்துக்கொண்டு திருப்பூரை ஒட்டின நெருப்பெரிச்சலில் லைன் வீடுகளுக்குப் போவாள். பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த தெக்கத்திக் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்த ஒற்றை அறைகள் அவை. அப்பா அம்மா கம்பெனியிலிருந்து திரும்பும்வரை அந்தப் பிள்ளைகளை வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம். மிஞ்சுகிற நேரத்தில் எழுத்து. பனியனை மடிக்கும்போது உள்ளே வைக்கிற வெள்ளை அட்டைகளை அப்பா கட்டாகக் கொண்டுவந்து போடுவார். அம்மா அதில்தான் எழுதுவாள். எழுதும்போது பக்கத்தில் போனால், "சித்த இரு" என்று இடது கையை மட்டும் காட்டுவாள். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளங்கை வெடிப்புகளில் சாக்பீஸ் தூள் படிந்திருக்கும்.

வீட்டை ஒட்டின ஷெட்டில் அப்பாவுக்கு நான்கு நிட்டிங் மிஷின்கள் ஓடின. எண்ணெய் நாற்றமும் பஞ்சுத் தூசியுமாகச் சாப்பிட வந்து உட்காருவார். "உங்கம்மாளப் பாக்கோணும்னா மனு எழுதிப் போடு கண்ணு. விசாரிச்சு ஆவன செய்வாங்க" என்பார். அவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

அந்தப் பிள்ளை வந்தது நாம் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது. மெலிந்த கைகள், நெற்றியில் பொட்டில்லாத முகம், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. "வரட்டா டீச்சர்" என்று ராகம் போட்டுப் பேசுவாள். நீங்கள் அவள் பேச்சை நடித்துக் காட்டிச் சிரித்தது நினைவிருக்கிறதா? எனக்கு அதிலெல்லாம் அக்கறை இல்லை. என் அக்கறை மதிப்பெண்ணில் இருந்தது. அவள் முதல், நான் இரண்டாவது. சொந்தப் பிள்ளைக்கு அள்ளிப் போட்டுவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அம்மா எனக்குப் புள்ளிக்கும் கமாவுக்கும் அரை அரை மதிப்பெண்ணாகக் குறைப்பாள். அந்தப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை கிடையாது. அவளுக்கு அம்மா வெறும் டீச்சர்தான், அதனால் முழு மதிப்பெண்ணும் போடலாம். இதில் என்ன நியாயம் என்று இந்த வயதிலும் எனக்குப் புரியவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள், பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்வதற்காக அம்மா அவளிடம், "நாளைக்குப் பொழுதோட ஊட்டுக்கு வா" என்றாள். நமக்குப் பொழுதோட என்றால் பொழுது சாயும் நேரம், சாயங்காலம். மறுநாள் இன்னும் சரியாக விடியக்கூட இல்லை. அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறாள். கேட்டுக்கு வெளியே அந்தப் பிள்ளை பையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன சாமி, இந்நேரத்துக்கு?"

"நீங்கதான டீச்சர் பொழுதோட வரச் சொன்னிய?"

"பொழுதோடன்னா சாயங்காலமல்லோ."

"எங்கூர்ல பொழுதோட வான்னா வெள்ளன வரணும் டீச்சர். லேட்டானா அடி கிடைக்கும்."

அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஓடி ஓர் அட்டையில் அந்தச் சொல்லை எழுதி வைத்தாள். பிறகு அந்தப் பிள்ளைக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். குளிரில் நடந்து வந்த தலை பரட்டையாக இருக்கிறதென்று உட்கார வைத்து எண்ணெய் தொட்டு வாரினாள். என் எண்ணெய், என் சீப்பு. எனக்கு என்றால் ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று இழுத்துக் கட்டிவிடுகிற கை, அவளுக்கு நிதானமாகச் சிக்கெடுத்தது. நான் போர்வைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தலைய ஆட்டாத அம்முணி" என்றாள் அம்மா.

ஒரு கணம் என்னைத்தான் என்று நினைத்தேன். என் தலை ஆடவே இல்லை.

அன்று முழுக்க நான் பட்ட எரிச்சலை என்னவென்று சொல்ல? பொரியலைத் தொடவில்லை. அப்பா வயிற்று வலியா என்று கேட்டு ஓமத் தண்ணீர் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

முழுப் பரீட்சை முடிந்து சித்திரை வெயில் கொளுத்த ஆரம்பித்த நேரத்தில் அந்தப் பிள்ளையின் மேல்படிப்புக்கு ஒரு பேச்சு நடந்தது. தாராபுரம் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து இலவசமாகத் தங்கிப் படிக்க ஓர் இடம். ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால் அவள் கம்பெனிக்குத்தான் போவாள். தையல்காரருக்குப் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து மடித்து அடுக்குகிற கைமடி வேலைக்கு அவள் வயதுப் பிள்ளைகள் பலர் அப்போதே போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா மூன்று தடவை தாராபுரம் போய் வந்தாள். விடுதிப் பள்ளித் தலைமையாசிரியை ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் வேலையாக வருகிறார், திரும்பும் வழியில் மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் பார்த்து, தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார் என்று முடிவாயிற்று. அவர் பட்டியலில் வேறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

சனிக்கிழமை அம்மா மறுநாள் கண் முகாமுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சைக்கிள் எடுத்துட்டுப் போயி, நாளைக்குப் பொழுதோட அவளையும் அவங்கம்மாளையும் நம்மூட்டுக்கு வரச் சொல்லீட்டு வா" என்றாள்.

தை மாதத்துக் கூத்தை அவள் மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

லைன் வீட்டில் அந்தப் பிள்ளை இல்லை. குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவளுடைய அம்மா அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து படியில் உட்கார்ந்திருந்தாள். புருவத்திலும் கண் இமையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"டீச்சர் நாளைக்குப் பொழுதோட உங்களையும் அவளையும் ஊட்டுக்கு வரச் சொன்னாங்க" என்றேன்.

"பொழுதோடயா? வந்திருதோம் பாப்பா. கோயிலுக்குக்கூட பொறவு போய்க்கிடலாம். வெயில் ஏறதுக்கு முந்தி, காலைல வெள்ளனயே வந்திருதோம்னு டீச்சர்ட்ட சொல்லிரு."

நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. "இல்லீங்க, சாயங்காலமுங்க" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறி, இறக்கத்தில் மிதிக்காமலே வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அடம் பிடித்து நானும் முகாமுக்கு வருகிறேன் என்றேன். அப்பா ஒரு கல்யாணத்துக்காகக் காலையில் முதல் பஸ்ஸுக்குப் போகிறவர். வீட்டில் தனியாக விட முடியாது என்று அம்மா சம்மதித்தாள். வெளிச்சம் வருவதற்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். குண்டடம் பக்கம் முகாம். மொபெட்டில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு போனேன். சோளத்தட்டு வாசம் அடித்தது.

முகாமில் எழுத்து அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஒரு பெரியவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ப" என்ற எழுத்தை, "தண்ணித் தொட்டிங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அம்மா என் தோளில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். யாரோ கேட்டதற்கு, "ஆமாங்க, எம் புள்ளைதானுங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் ஒரு நாளும் சொல்லாத வார்த்தை அது. சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு. இந்நேரம் எங்கள் வீட்டுக் கேட்டில் இரண்டு பேர் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்ல வேண்டாம், என் சின்ன வயதிலேயே அதுதான் ரொம்பச் சந்தோஷமான காலை.

மத்தியானம் திரும்பி வந்தபோது கேட்டின் கொண்டியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. அம்மா மொபெட்டை நிறுத்திவிட்டு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் பையைக் கழற்றிப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். உள்ளே தாளில் பொதிந்த முந்திரிக்கொத்து. பாசிப்பயறும் வெல்லமும் தேங்காயும் சேர்த்து உருட்டிப் பொரித்த அந்தத் தெக்கத்திப் பலகாரத்தை அந்தப் பிள்ளை கிறிஸ்துமஸுக்குப் பள்ளிக்குக் கொண்டுவந்து நம் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறாள். அம்மா பார்த்தால் ஒரு நொடியில் யார் என்று கண்டுபிடித்துவிடுவாள். பன்னிரண்டு உருண்டைகள். நின்றபடியே முழுவதையும் தின்றேன். ஐந்தாவதிலேயே நெஞ்சடைத்தது. பையையும் தாளையும் ஷெட்டில் கழிவு நூல் மூட்டைக்குள் திணித்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் தலைமையாசிரியை வந்தார். காபி குடித்தார். ஐந்தரை ஆயிற்று. அம்மா கேட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். ஆறு மணிக்கு மொபெட்டை எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனாள். கதவு பூட்டியிருக்கிறது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து அறையில் சொன்னார்களாம். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். பட்டியலில் அடுத்த பிள்ளை காங்கேயம் ரோட்டில் காத்திருந்தது. "தப்பா நினைச்சுக்காதீங்க டீச்சர்" என்று எழுந்துகொண்டார்.

அம்மா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேனுங்ம்மா."

"என்னன்னு?"

"நாளைக்குப் பொழுதோட வரச் சொன்னாங்கன்னு. வர்றோம்னாங்க."

"கம்பெனிக்கு அனுப்பறதுன்னா மனசு வருது, படிக்க வெக்கறதுன்னா கசக்குது" என்று அம்மா சொன்னாள். முகாமுக்கும் கூட்டத்துக்கும் ஊரெல்லாம் அலைகிறவள், அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் மறுபடி போகவில்லை. வரச் சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போன டீச்சரைத் தேடி அவர்களும் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்தது. நீங்களும் நானும் ஆறாம் வகுப்புக்குப் போனோம். அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை.

அம்மா இரண்டு அட்டைகளின் இரு பக்கமும் நெருக்கி நெருக்கி ஒரு கட்டுரை எழுதினாள். "திறந்த வீடும் வராத கால்களும்" என்று தலைப்பு. பிள்ளையின் எதிர்காலத்தை விடச் சனிக்கிழமைச் சம்பளத்தைப் பெரிதாக நினைக்கிற ஒரு தாயைப் பற்றி. பெயர் இல்லை, ஆனால் யாரென்று நெருப்பெரிச்சல் முழுக்கத் தெரியும். பத்திரிகையில் வந்தது, பாராட்டிக் கடிதங்கள் வந்தன. பள்ளி விழாவில் அதைப் படிக்கச் சொன்னார்கள். அப்பாவுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்டினேன். நல்ல உச்சரிப்பு என்றார்.

அந்த ஐப்பசியில் அம்மா லைன் வீட்டு வகுப்பை நிறுத்திவிட்டாள். கேட்டவர்களிடம் முதுகு வலி என்றாள். மாலையில் வீட்டிலேயே இருந்தாள். என் தலையை எண்ணெய் தொட்டு வாரினாள், பின்னிய பின்னலைச் சரியில்லை என்று அவிழ்த்து மறுபடி பின்னினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நீங்கள் கொடுத்த வேலைக்கு வருகிறேன். அம்மாவின் எழுத்துகளைத் தட்டச்சு செய்து வருட வரிசையில் அடுக்கியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. "திறந்த வீடும் வராத கால்களும்" வரை எல்லாம் கட்டுரை. அதற்கப்புறம் ஒரு கட்டுரைகூட இல்லை. எல்லாம் கதை.

போன வியாழக்கிழமை அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்ப்பதற்காக அந்தக் கட்டுரையைப் படித்தேன். மூன்றாவது பத்தியில் நிறுத்தினேன். தாளைக் கீழே வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தலையை ஆட்டியது, முகாம், மஞ்சப்பை, பன்னிரண்டு உருண்டை எல்லாம். அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எப்படிங்ம்மா?"

"அந்த ஐப்பசில ரேஷன் கடைல அவங்கம்மாளப் பாத்தேன். வெள்ளன வந்து பத்து மணி வரைக்கும் நின்னோம் டீச்சர், பூட்டியிருந்துச்சுன்னாங்க. கேட்டுல பலகாரம் மாட்டிட்டு வந்தமே, கெடைச்சுதான்னு கேட்டாங்க. அப்பத்தான் அன்னைக்கு உம் பாவாடைல ஒட்டியிருந்த தேங்காத் துருவல் ஞாபகம் வந்துச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கெடைச்சுதுங்க, நல்லா இருந்துதுன்னு சொன்னேன்."

தோலெல்லாம் அவள் மடியில் விழுந்துகொண்டிருந்தது.

"அடுத்த வருசம் சேத்தலாமுங்கன்னும் சொன்னேன். அவ கைமடிக்குப் போயிட்டா டீச்சர், இனிமே எங்கன்னாங்க. அடுத்த வாரமே வேற பக்கம் குடி போயிட்டாங்க."

"என்னை ஏன் கேக்கலீங்ம்மா?"

"கேட்டா நீ சொல்லிருப்பே. சொன்னா நான் ஊருக்குச் சொல்லோணும். அவங்கள எழுதின கை, எம் புள்ளைய எழுத வல்ல. சாயங்காலம்னு சொல்லாம பொழுதோடன்னு சொன்னதும் என் வாய்தானே. அப்புறம் கட்டுரையே எழுதல. கதைன்னா யாரும் வந்து நிஜமான்னு கேக்க மாட்டாங்க."

எந்த அம்மாவுக்காக நான் அப்படி ஏங்கினேனோ, அந்த அம்மா அன்றைக்கே என்னைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். இன்னொரு தாயின் மேல் பழியை அப்படியே விட்டுவிட்டு என்னை எடுத்துக்கொண்டிருக்கிறாள். கேட்டதும் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த நொடியில் அந்தப் பலகாரம் மறுபடி நெஞ்சை அடைத்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "கட்டுரைய எடுத்துடாத. அப்படியே இருக்கட்டும். அடில நான் சொல்றத எழுது" என்றாள். எழுதிக்கொண்டேன்: "அவர்கள் வந்தார்கள். என் வீடுதான் பூட்டியிருந்தது."

"எம் பேரச் சேக்கலீங்களா?" என்றேன்.

"அதை நீயே எழுதிக்க" என்றாள். பிறகு சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "அந்த அம்முணி எங்க இருக்காளோ. விழாவுக்கு வந்தான்னா நல்லா இருக்கும்" என்றாள்.

இத்தனை வருடம் கழித்து, இவ்வளவும் பேசி முடித்த அந்த நிமிடத்திலும் அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று தைத்தது. நான் திருந்திவிட்டேன் என்று நினைத்து யாரும் பாராட்ட வேண்டாம்.

என் பங்கை இதோ எழுதிவிட்டேன். இனி நீங்கள் தேடுங்கள். உங்களில் பனியன் கம்பெனி செக்கிங்கில் இருக்கிறவர்கள், சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறவர்கள், லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறவர்கள் எல்லாரும் விசாரியுங்கள். அவளும் காதோரம் வெளுத்துத்தான் இருப்பாள். அவளுடைய அம்மா இருந்தால் அவரையும் கூட்டி வரச் சொல்லுங்கள். வந்தால் முன் வரிசையில் உட்காரட்டும். அம்மா அவளை அம்முணி என்றுதான் கூப்பிடப் போகிறாள், எனக்கு வயிறு எரியத்தான் போகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும்.

விழா ஞாயிற்றுக்கிழமை. நேரம் மாலை ஐந்து மணி. மாலை ஐந்து மணி என்றே அவளிடம் சொல்லுங்கள். தயவுசெய்து யாரும் பொழுதோட என்று சொல்லிவிடாதீர்கள்.